அழகுத்தாய் கொண்டு வந்த சேனை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற வீட்டில் போய், "எங்க பிள்ளைக்குப் பால் ஆகாது" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். இரண்டாம் தடவை முகம் மாறும். மூன்றாம் தடவை சொல்ல நெஞ்சில் துணிச்சல் வேண்டும். மாரீஸ்வரி முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். ஏழு நாள் பச்சைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தையல் போட்ட வயிறு சுரீர் சுரீர் என்று இழுக்க, வந்தவர் போனவர் அத்தனை பேரிடமும் சொன்னாள்.

"அதெப்படித்தா பால் ஆகாமப் போகும்? பாம்புக்கே ஊத்துறோம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பாம்பை நீங்க வளத்துக்கோங்கக்கா. எம்பிள்ளைய நான் வளத்துக்கிடுதேன்" என்றாள் மாரி. அவள் வாய் அப்படி.

வீடு ராஜபாளையத்தில், அவள் வேலை பார்க்கிற நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கிற காலனியில். புருஷன் காசிராஜன் தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மடவார் வளாகத்தில் இருக்கும் குடும்பத்துப் பால்கோவா கடையில் அடுப்படி பார்க்கிறவன். சாயங்காலம் வரும்போது உடம்பெல்லாம் காய்ந்த பால் வாசம் அடிக்கும். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினால்தான் பிள்ளையைத் தொட விடுவாள். டாக்டர் அவ்வளவு தூரம் சொல்லவில்லை. விரலிடுக்கில் ஒட்டியிருக்கிற கோவாவைப் பிள்ளை சப்பிவிட்டால் என்ன செய்வது என்பது இவளுடைய பயம். பட்டவளுக்குத்தானே தெரியும்.

பட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால். முதல் பிள்ளை, ஆண். பிறந்த அன்றைக்கே மாரியின் அம்மா சேனை வைத்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் அப்படியே பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் அதற்கு இரண்டு வீட்டாருக்கும் இடையில் அடிபிடியே நடக்கும். அன்றைக்குப் பெண் வீடு முந்திக்கொண்டது.

மூன்றாம் நாள் பிள்ளை கக்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் கண் மஞ்சளானது. "பால் நல்லாக் குடு, மஞ்ச இறங்கிரும்" என்றார்கள் எல்லோரும். மாரியும் கொடுத்தாள். கக்கக் கக்கக் கொடுத்தாள். வயிறு உப்பிக்கொண்டே போனது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பன்னிரண்டாம் நாள் பிள்ளை போய்விட்டது. ஆறு மாதத்தில் மாரியின் அம்மாவும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். காசிராஜனின் அக்கா அழகுத்தாய்க்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது: "ராசியில்லாத கை. சேனை வச்சு அதும் போச்சு, வச்சவளும் போயிட்டா."

மதுரையில் இருந்த பெண் டாக்டர் பிள்ளை இருக்கும்போதே பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்தபோது பிள்ளை மண்ணுக்குள் இருந்தது. டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு தாளில் வட்டம் போட்டார். இதுதான் செல், நடுவில் இருக்கிறது ஜீன், அதைப் பார்த்து ஒரு நகல் வெளியே வரும், நகலில் உள்ளபடி செல் ஒரு புரதத்தைச் செய்யும் என்றார்.

காசிராஜன் பேந்தப் பேந்த விழித்தான். மாரிக்குச் சட்டென்று பிடிபட்டது. "எங்க மில்லு மாதிரில்ல இருக்கு டாக்டர்" என்றாள். எந்த நூல் எந்தக் கவுண்ட்டில், அதாவது எவ்வளவு மெல்லிசாக, ஓட வேண்டும் என்பது மில் ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருக்கும். ரிஜிஸ்டர் ஆபீஸை விட்டு வெளியே வராது. அதைப் பார்த்து எழுதின சீட்டுதான் மிஷினுக்கு வரும். ஓட்டுகிற பெண் சீட்டில் கண்டபடி ஓட்டுவாள். ஒரு தடவை ரிஜிஸ்டரிலேயே ஒரு எண் தப்பாக ஏறி, மூன்று ஷிஃப்ட் நூலும் கழிவாகப் போனது. பழி, ஓட்டின மூன்று பெண்கள் தலையில் விழுந்தது. அந்த மூன்று பேரில் மாரியும் ஒருத்தி. "சீட்டைக் காட்டுங்க, ரிஜிஸ்டரைக் காட்டுங்க" என்று கேட்டு வாசலிலேயே நின்று, மேனேஜர் வாயால் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் உள்ளே போனாள்.

"அதேதான்மா" என்றார் டாக்டர். பால் வயிற்றுக்குள் போனதும் அதில் உள்ள சர்க்கரை இரண்டாக உடையும். ஒன்று குளுக்கோஸ். இன்னொன்றின் பெயர் கேலக்டோஸ். அதை உடம்புக்கு ஆகிற மாதிரி மாற்றித் தர ஈரலில் ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்கான ரிஜிஸ்டரில் பிழை. சீட்டு தப்பு. செல் பாவம் என்ன செய்யும்? புரதம் ஒழுங்காக வரவில்லை. அரைகுறையாக மாறின சரக்கு ஈரலில் தேங்கித் தேங்கிக் கடைசியில் ஈரலையே கெடுத்துவிட்டது. "ஒவ்வொருத்தருக்கும் ரிஜிஸ்டர் ரெண்டு. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு சரியா இருந்தாலும் வண்டி ஓடிரும். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. அதான் நீங்க நல்லாருக்கீங்க. பிள்ளைக்கு ரெண்டும் தப்பாப் போயிருச்சு."

மாரிக்கு முதலில் வந்தது அழுகை. அப்புறம் வந்தது கோபம். பிள்ளை கக்கக் கக்கப் பாலைக் கொடுத்தவள் அவள்தானே. சீட்டிலே தப்பு, ஆள் மேலே தப்பில்லை என்று ராத்திரி பகலாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் அந்த இரண்டு வருஷத்தைத் தள்ளினாள். காசிராஜனோ தன் ரத்தத்திலும் பிழை இருக்கிறது என்கிற தாளை மடித்து பீரோவில் வைத்தவன், அக்காவிடம் மூச்சு விடவில்லை. அக்கா என்றால் அவனுக்கு அவ்வளவு பயம்.

இப்போது பெண் பிள்ளை. பிறந்ததும் குதிகாலில் ஊசி குத்தி ரத்தத்தை அட்டையில் ஒற்றி அனுப்பினார்கள். முடிவு வரும் வரைக்கும் தாய்ப்பால்கூட ஒரு சொட்டு கூடாது, டப்பாவில் வருகிற சோயா மாவைக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பால் கட்டி மாரியின் மார் கல்லாகிவிட்டது. பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் ரவிக்கை நனைந்தது. கொல்லைப்பக்கம் போய்ப் பீச்சிவிட்டு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து டப்பாவைத் திறப்பாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் ஜெபா போன் பண்ணினாள். ஜெபா, லேபில் வேலை பார்க்கிறவள், மாரியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச்.

"ஏட்டி, வந்துருச்சு. இதுக்கும் இருக்கு."

மாரி மூக்கை உறிஞ்சினாள்.

"அழுறியா? அழாத. இவ வாயில இன்னும் ஒரு சொட்டு படல. ஈரல் டெஸ்ட்டு அம்புட்டும் நல்லாருக்கு. நாளைக்குப் பத்தரை மணிக்கு வாரேன், இன்னொருக்க ரத்தம் எடுக்கணும். அது வரைக்கும் எமன் வந்து கேட்டாலும் பால் குடுத்துராத."

எமன் வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அழகுத்தாய் வந்தாள்.

கார் வந்து நிற்கிற சத்தத்திலேயே காசிராஜனுக்கு வேர்த்துவிட்டது. "மாரி, ஒரு சொட்டுதான. அக்கா ஆசையா வருது. தொட்டு வச்சிட்டுப் போயிரட்டுமே" என்றான்.

ஒரு சொட்டில் பிள்ளை செத்துப்போகாது என்பது மாரிக்கும் தெரியும். ஆனால் ஒரு சொட்டு வைத்து ஒன்றும் ஆகவில்லை என்றால், "பாத்தியா, சொன்னேன்ல" என்பார்கள். நாளைக்கு ஒரு சங்குப் பால் என்பார்கள். மூன்று மாதம் கழித்து அவள் மில்லுக்குப் போன பிறகு, ஆசையாக, யாருக்கும் தெரியாமல் ஊட்டுவார்கள். "மச்சான், உங்களுக்கு அக்கா வேணுமா, பிள்ளை வேணுமா?" என்று கேட்டாள். அவன் அக்காவை அழைக்க வாசலுக்குப் போனான்.

அழகுத்தாய் உள்ளே வந்தாள் என்றால் வீடு சின்னதாகிவிடும். நாற்பத்தைந்து வயது, நல்ல வாட்டசாட்டம். கடையை நடத்துகிறவள் அவள்தான். பாலில் தண்ணீர் கலக்கிறவன் அவள் கண்ணைப் பார்த்தாலே உண்மையைக் கக்கிவிடுவான். கையில் வெள்ளிக் கிண்ணம். அன்றைக்கு முதல் அடுப்பில் இறக்கின பால்கோவாவைப் பாலில் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். பின்னாடியே மடவார் வளாகத்துப் பெண்கள் இரண்டு பேர். அழகுத்தாயின் புருஷன் சிவனாண்டி காரை விட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். அவர் அழகுத்தாய்க்குத் தாய்மாமன். மாரிக்குச் சொந்தச் சித்தப்பா. இந்தக் குடும்பத்தில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அதே நூல்கண்டுக்குத்தான் போய்ச் சேரும்.

"ஏட்டி மாரி, பிள்ளையக் குடு. பத்தரைக்குள்ள நல்ல நேரம்."

"வாங்க மதினி. உக்காருங்க. பிள்ளையப் பாருங்க, கொஞ்சுங்க. சேனை வேண்டாம்."

"எது வேண்டாம்?"

"பால் வேண்டாம். நேத்து ரிசல்ட்டு வந்துருச்சு. இவளுக்கும் அதே சீக்குதான். பாலை மாத்துற புரதம் இவ ஈரல்ல ஊறாது."

அழகுத்தாய் கூட வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டியளா? பாலு ஆகாதாம். டப்பா மாவு ஆகுமாம். பெத்த பிள்ளைக்கு மாரக் குடுக்க வலிக்கு மகாராணிக்கு."

மாரிக்குச் சுருக்கென்றது. நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடினாள். "என்ன வேணும்னாலும் பேசிக்கோங்க. பிள்ளையத் தர மாட்டேன்."

"மொதப் பிள்ளைக்கு உங்க அம்மா கை பட்டுச்சு. என்னாச்சு? எங்கைய வைக்க விட்டிருந்தா இன்னைக்கு ஓடித் திரியும்."

"எங்க அம்மாவ இழுக்காதிய. செத்தவுக வந்து பதில் சொல்ல முடியாது."

"பின்னே ஆரக் கேக்க? டாக்டரையா? மூணு தலைமுறையா பால்லயே பொழைக்கிற குடும்பம்ட்டி இது. எங்க வீட்டுல பால் குடிச்சு எந்தப் பிள்ளை செத்துச்சு? ஒண்ணச் சொல்லு பாப்போம்!"

கேட்ட பிறகுதான் அழகுத்தாய்க்கே உறைத்தது. கூட வந்த பெண்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். அவள் முன்னால் ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை.

மாரி சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். மடியில் பிள்ளை கொட்டாவி விட்டது. அதன் நாக்கு ரோஜா நிறத்தில் துளியாகத் தெரிந்தது.

"ரெண்டு பிள்ளை, மதினி" என்றாள்.

"மாரி!" என்று கத்தினான் காசிராஜன்.

"கத்தாதிய மச்சான். நீங்க கத்த வேண்டிய நேரத்துலல்லாம் சும்மா இருந்துட்டிய."

அழகுத்தாய் அடிக்கத்தான் போகிறாள் என்று மாரி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடி விழவில்லை. கிண்ணம் சாய்ந்து, பால் விளிம்பில் தளும்பி அழகுத்தாயின் விரலில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

மாரி குரலைத் தணித்தாள். "கோவத்துல கேக்கல மதினி. கண்ணு மஞ்சளாச்சா? வயிறு உப்புச்சா?"

அழகுத்தாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மூத்தது ஒம்பது நாளு. எளையது பதினாலு நாளு. ரெண்டும் கக்கிக் கக்கியே... எம் பால் விஷம்னு சொன்னாக. உங்க சித்தப்பா எறும்பு பிடிச்சிட்டு வந்தாரு. கொட்டாங்கச்சியில எம்பாலப் பீச்சச் சொல்லி, அதுல எறும்ப விட்டாரு. எறும்பு செத்துப்போச்சு. 'பாத்தியா, விஷம்'னு எல்லாருக்கும் காட்டினாரு."

"மதினி, தண்ணியில போட்டாலும் எறும்பு செத்துத்தான் போகும்!" மாரிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "இதையா இம்புட்டு வருசமாச் சுமந்தீய?"

"அதுக்குப் பொறவு அவரு ஏங்கூடப் பேசினதே எண்ணிச் சொல்லிரலாம். அதான் கடையப் பிடிச்சேன். பால் விஷம்னவ கையால கிண்டுன பால்கோவாவ ஊரே திங்கணும்னு பிடிச்சேன்." அவள் நிமிர்ந்து மாரியைப் பார்த்தாள். "எம் பால் விஷமில்லைங்கியா?"

"இல்லவே இல்ல. உங்க பாலு நல்ல பாலு. எம் பாலும் நல்ல பாலு. அத ஏத்துக்கிற புரதத்தச் செய்யுறதுக்குப் பிள்ளைகளுக்குச் சீட்டு சரியா வரல. ஆள் மேல தப்பில்ல."

"அந்தச் சீட்ட ஆரு குடுத்தது? நான் குடுத்ததா?"

மாரி வாசல் பக்கம் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று இருந்தது. அதற்குள் காசிராஜன் பீரோவைத் திறந்தான். மடித்து வைத்த தாளை எடுத்து வந்து அக்கா முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கும் இருக்கு. பேப்பர்ல போட்டிருக்கு. மாரிகிட்ட இருந்து பாதி, எங்கிட்ட இருந்து பாதி. ரெண்டும் சேந்தாத்தான் பிள்ளைக்கு வருமாம். நான்தான் உங்ககிட்டச் சொல்லல. எல்லாரும் இவளையே சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

"அட எடுபட்ட பயலே" என்றாள் அழகுத்தாய். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இங்கிலீஷில் இருந்தது. "அப்பம்... எம்பிள்ளைகளுக்கு?"

"டெஸ்ட்டுப் பண்ணாம அடிச்சுச் சொல்ல மாட்டேன் மதினி" என்றாள் மாரி. "ஆனா அந்தச் சீக்கா இருந்தா பாதி உங்களோடது, பாதி சித்தப்பாவோடது. எங்க அப்பா, உங்க அம்மா, சித்தப்பா மூணு பேரும் ஒரே வயித்துப் பிள்ளைகதான? இன்னைக்கும் பாக்கலாம். ஒரு ஊசி ரத்தம் போதும்."

அழகுத்தாய் எழுந்தாள். கிண்ணத்தைத் தம்பி கையில் கொடுத்தாள். "இத வெளிய கொண்டு போ. இந்த வாசப்படிக்குள்ள இனிமேப் பால் வந்துச்சுன்னா அடுப்பு விறகாலயே போடுவேன்." கூட வந்த பெண்களைப் பார்த்தாள். "உங்களுக்குந்தேன். ஊர்ல போய்ச் சொல்லுங்க. அழகுத்தாய் பாலு விஷமில்லைன்னு சேத்துச் சொல்லுங்க. இம்புட்டு நாளா மத்ததெல்லாம் நல்லாத்தான சொன்னீய."

அந்த நேரத்தில்தான் ஜெபா பையோடு உள்ளே நுழைந்தாள். அழுத முகங்களைப் பார்த்துப் பதறிப்போய், "ஏட்டி, பிள்ளைக்குப் பால் கீல் குடுத்துட்டாகளா?" என்றாள்.

"ஒரு சொட்டுக் குடுக்கல" என்றாள் மாரி.

ஜெபா பிள்ளையின் குதிகாலைத் துடைத்து ஊசியைக் குத்தினாள். பிள்ளை வீறிட்டது. அழகுத்தாய் இரண்டு கையையும் அலம்பிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கினாள். மாரி கொடுத்தாள். கையில் பிள்ளையோடு அழகுத்தாய் வாசலுக்குப் போனாள்.

"மாமா, உள்ள வாங்க."

சிவனாண்டி பேப்பரைத் தாழ்த்தினார். "சேனை வச்சாச்சா?"

"வைக்கல. வாங்க."

வந்தார். அதற்குள் மாரி சொல்லி, ஜெபா அவருக்காகப் புது ஊசி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சித்தப்பா."

"எனக்கெதுக்கு ரத்தம் எடுக்கணும்? எனக்கென்ன சீக்கா?" அவர் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. "பொம்பளைக சமாச்சாரத்துல என்னைய ஏன் இழுக்கிய?"

அழகுத்தாய் பிள்ளையை இடது தோளுக்கு மாற்றினாள். அவருக்கு நேராக வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவர் கண்ணைப் பார்த்துப் பேசி மாரி கண்டதில்லை.

"எறும்பு பிடிச்ச கைதான மாமா? நீட்டுங்க."

சிவனாண்டி சட்டைக் கையை மடக்கினார்.